ஐந்தரை நிமிட உயரம்

2025 நவம்பர் 13 அன்று திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், அம்மாசத்திரம் அருகே, ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம், நடுவழியில் கோளாறு. உள்ளே இருந்த இருவருக்கும் காயம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது, படங்கள் கைப்பேசிகளில் பறந்தன. டீக்கடைகளில் அன்று அலசப்பட்ட கேள்வியை ஊகிக்கச் சிரமமே இல்லை. மேலே போகிற விமானம் மக்கர் செய்தால் தொப்பென்று விழ வேண்டியதுதானே? இது எப்படிச் சாலையைத் தேடிப் பிடித்து வந்து நின்றது?

விமானத்தை மேலே நிறுத்தி வைத்திருப்பது எஞ்சின்தான் என்று நாம் எல்லோரும் மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். அந்த முடிவு தவறு. எவ்வளவு தவறு என்று பார்ப்பதற்காக, இந்த அத்தியாயத்தில் சங்கரன்கோவிலுக்கு மேலே ஒரு விமானத்தைக் கொண்டுவந்து அதன் எஞ்சினை நிறுத்தப்போகிறேன். விமானம் கற்பனை. காற்றும் நிலமும் கணக்கும் அந்தப் பக்கத்து நிஜம்.

தாங்குவது யார்?

விமானத்தைத் தாங்குவது இறக்கை. காற்று இறக்கையைக் கடந்து ஓடும்போது இறக்கை அதைக் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. பதிலுக்குக் காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதற்குத் தூக்குவிசை என்று பெயர். தூக்குவிசைக்கு வேண்டியது ஓடும் காற்று மட்டும்தான். அந்த ஓட்டத்தை எஞ்சின் கொடுத்ததா, வேறு ஏதாவது கொடுத்ததா என்று இறக்கை விசாரிப்பதில்லை.

அப்படியானால் எஞ்சின் எதற்கு? முன்னே போகும் எதையும் காற்று பின்னுக்கு இழுக்கும். அந்த இழுவிசைக்கு ஈடுகொடுத்து, வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வது எஞ்சினின் வேலை. எஞ்சின் நின்றதும் ஈடுகொடுக்க வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் உயரம். மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிள் மிதிக்காமலே ஓடுகிறதே, அதே சங்கதிதான். விமானி தன்னுடைய மேட்டையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார். மூக்கை லேசாகத் தாழ்த்தினால் விமானம் ஒரு சரிவில் வழுக்கியபடி இறங்கும். ஏறும்போது பெட்ரோலைக் கொடுத்து வாங்கிய உயரத்தை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வேகத்தைக் காத்துக்கொள்கிறது.

இதைச் சறுக்குப் பறத்தல் எனலாம். நம் கதைக்கு செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் உட்காரலாம், தலைக்கு மேலே இறக்கை, மூக்கில் ஒரே ஒரு விசிறி. 1956இல் விற்பனைக்கு வந்தது. உலகில் இதைவிட அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் வேறு இல்லை. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளிலும் இது சர்வசாதாரணம். இது ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே போய்விடும். ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தால் 2.7 கிலோமீட்டர் போகலாம்.

பயணிகள் ஜெட் விமானங்கள் இதில் இன்னும் கெட்டி. 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஒன்றுக்கு அட்லாண்டிக் கடலுக்கு மேலே எரிபொருள் கசிந்து இரண்டு எஞ்சின்களும் ஓய்ந்துபோயின. 306 பேருடன் அது 19 நிமிடம் சறுக்கி, சுமார் 120 கிலோமீட்டர் கடந்து, அசோர்ஸ் தீவுகளில் ஓர் ஓடுபாதையைப் பிடித்தது. ஒரு உயிரும் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விமானத்தில் ஒருவர் இருந்தாலும் நான்கு பேர் இருந்தாலும் எட்டும் தூரம் மாறாது. கனம் கூடினால் அதே சரிவில் சற்று வேகமாக இறங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சரிவு மாறாது என்பதால் போய்ச் சேரும் இடமும் மாறாது. எஞ்சின் நின்ற விமானத்திலிருந்து மூட்டை முடிச்சுகளைத் தூக்கி வெளியே எறியும் சினிமாக் காட்சிகளில் வீணாவது மூட்டைகள்தான்.

ஆடிக் காற்றில் ஐஸ்

வரைபடத்தை எடுத்துத் திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் நேர்கோடு இழுங்கள். கோடு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, சங்கரன்கோவிலை ஒட்டிப் போகும். நம் விமானம் அந்தக் கோட்டில் வருகிறது. மாதம் ஆடி, கீழே சங்கரநாராயணர் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. அதன் வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மலையைத் தாண்டிவிட்ட நிம்மதியில் விமானி எஞ்சினைத் தணித்து மெல்ல இறங்கி வருகிறார். உயரமானி 4,500 அடி காட்டுகிறது. அது கடல்மட்டக் கணக்கு. ஊரே ஏறக்குறைய 470 அடியில் இருப்பதால், உண்மையான கையிருப்பு சுமார் 4,000 அடி.

எஞ்சின் இருமுகிறது. மூச்சு வாங்குகிறது. ஓய்ந்துவிடுகிறது.

காரணம் பனிக்கட்டி. தென்காசி மாவட்டத்தில் ஐஸா என்று சிரிக்க வேண்டாம். பழைய செஸ்னாக்களில் கார்புரேட்டர் உண்டு. காற்றும் பெட்ரோலும் கலக்கும் இடம் அது. அதன் குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்கும்போது குளிரும். அங்கே தெளிக்கப்படும் பெட்ரோல் ஆவியாகும்போது இன்னும் குளிரும். வெளியே 25 டிகிரி இருக்கும்போதே தொண்டைக்குள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடலாம். மலை தாண்டி வரும் ஆடிக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம் சுவரில் உறைந்து, காற்று போகும் வழியை அடைத்துக்கொண்டே வரும். எஞ்சினைத் தணித்திருக்கும்போது தொண்டையில் உள்ள கதவு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் அடைப்பு இன்னும் சீக்கிரம் விழும். புதிய செஸ்னாக்களில் பெட்ரோல் நேராகச் செலுத்தப்படுவதால் இந்தத் தொல்லை இல்லை.

மருந்து கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஒரு குமிழை இழுத்தால் புகைபோக்கியைத் தொட்டுச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் வரும். வந்ததும் ஐஸ் உருகும். உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்கும். முன்பைவிட மோசமாகக் குலுங்கும். புது விமானி பயந்துபோய்க் குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவது இங்கேதான். பொறுத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நேரம் கடந்து, எஞ்சின் ஓய்ந்து, புகைபோக்கியும் ஆறிவிட்டால் உருக்குவதற்குச் சூடு எங்கிருந்து வரும்?

ஐஸ் சற்று அபூர்வமான எதிரி. உலகெங்கும் சிறு விமானங்களைத் தரையிறக்குவது பல நேரம் இதைவிடச் சப்பையான விஷயம். பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது ஒரு தொட்டி வற்றி, மறு தொட்டி நிறைந்திருக்க, தொட்டியை மாற்றும் குமிழைத் திருப்ப யாருக்கும் தோன்றியிருக்காது. தண்ணீர் கலந்த பெட்ரோலும் உண்டு. அதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். இந்த விமானங்களுக்கான பெட்ரோலுக்கு வெளிர்நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் கனமானது, குப்பியின் அடியில் நிறமற்ற முத்தாக உருண்டு நிற்கும். அதில் ஒரு பொறி இருக்கிறது. குப்பி முழுவதுமே தண்ணீராக இருந்தால் கோடும் தெரியாது, முத்தும் தெரியாது. எல்லாம் ஒரே சீராக, சுத்தமாக இருக்கிறதே என்று அவசரக் கண் ஒப்புக்கொண்டுவிடும். நீலம் இருக்கிறதா என்று பார்ப்பவர்தான் தப்பிப்பார்.

முதல் பத்து நொடி

மூக்கில் இருக்கும் விசிறி உடனே நின்றுவிடாது. எதிர்க்காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இரைச்சல் மட்டும் போய்விடும். மனிதக் கை இப்போது செய்ய விரும்புவது ஒன்றுதான்: பிடியைத் தன் பக்கம் இழுத்து மூக்கைத் தூக்குவது. கீழே போகிறோம், மேலே போக வேண்டும், ஆகவே மூக்கைத் தூக்கு. இதைவிட இயல்பான தர்க்கம் இருக்க முடியாது. ஆளைக் கொல்வதும் இந்தத் தர்க்கம்தான்.

ஏன் என்று பார்க்கலாம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடும், ஏறக்குறைய 15, 16 டிகிரி வரைக்கும். அதற்கு மேல் போனால் இறக்கையின் முதுகை ஒட்டி வழிந்துகொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு சுழல ஆரம்பித்துவிடும். தூக்குவிசை சரிந்துவிடும். இதைத் தூக்கிழப்பு என்று குறிப்போம். எஞ்சின் இல்லாமல் மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்க இறக்கை இன்னும் அதிகக் கோணத்தில் நிற்க வேண்டும். கடைசியில் அந்த வரம்பைத் தாண்டிவிடும். நேராகப் பறக்கும் செஸ்னாவுக்கு இது மணிக்கு 90 கிலோமீட்டருக்குச் சற்று மேலே நேரும். அதிகத் தூரம் சறுக்குவதற்கு ஏற்ற வேகமோ சுமார் 120. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் விமானியின் சொத்து. அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார்கள்: எஞ்சின் நின்றால் முதலில் மூக்கைத் தாழ்த்து, 120ஐப் பிடி, மற்றதெல்லாம் பிறகு.

திரும்பும்போது இந்தச் சொத்து கரையும். சாய்ந்து திரும்பும் விமானத்தில் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுப்பதற்குப் போய்விடுகிறது. மீதியை வைத்துத்தான் எடையைத் தாங்க வேண்டும். 45 டிகிரி சாய்ந்தால் தூக்கிழப்பு வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடி 110ஐ நெருங்கும். 60 டிகிரி சாய்ந்தால் 130ஐத் தொடும். நாம் பறப்பதோ 120இல். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் எஞ்சின் நின்றால் ஏன் திரும்பி வரக் கூடாது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஓடுபாதை முதுகுக்குப் பின்னால், இதோ, அரை கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் திரும்ப உயரம் வேண்டும், வெகுவாகச் சாய வேண்டும், திரும்பியபின் ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வர மறுபடி ஒரு திருப்பம் வேண்டும். முன்னால் தெரிவதில் எது பரவாயில்லையோ அதில் இறங்கு என்பதுதான் பாடம். அது முள்காடாக இருந்தாலும் சரி. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நொறுங்கிய ஏர் இந்தியா விமானம் ஏன் சறுக்கி எங்காவது இறங்கவில்லை என்று பலர் கேட்டார்கள். எழும்பியதும் இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் நின்றுவிட்டது என்று முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. அது எட்டிய உயரம் 600 அடிச் சொச்சம். காற்றில் இருந்தது சுமார் அரை நிமிடம். சறுக்குவதற்கு அங்கே கையிருப்பே இல்லை. நியூயார்க்கில் 2009 ஜனவரி 15 அன்று வாத்துக் கூட்டத்தில் மோதிய விமானத்தின் கேப்டன் சல்லன்பெர்கருக்கு ஏறக்குறைய 2,800 அடியும் மூன்றரை நிமிடமும் கிடைத்தன. ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார்.

நம் விமானிக்கு 4,000 அடி இருக்கிறது. அவர் பணக்காரர்.

எட்டும் வட்டம்

120 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கும் செஸ்னா நிமிடத்துக்கு 730 அடி இறங்கும். 4,000 அடிக்கு ஐந்தரை நிமிடம். ஆயிரம் அடிக்கு 2.7 கிலோமீட்டர் என்றால் காற்றில்லாத நாளில் 11 கிலோமீட்டர் போகலாம், எந்தத் திசையிலும். ஆக, கீழே தரையில் 11 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்.

ஆடிக் காற்று இதை மாற்றுகிறது. விமானம் சறுக்குவது காற்றுக்குள். காற்றே கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்தரை நிமிடத்தில் அது 3.4 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். அந்த வட்டமும் அப்படியே, அளவு மாறாமல், கிழக்கே 3.4 கிலோமீட்டர் தள்ளிப்போகும். இப்போது மேற்கே ஏழரை கிலோமீட்டர்தான். கிழக்கே பதினாலுக்கு மேல். மலையடிவாரம் நோக்கிப் போனால் புளியங்குடி எட்டாது. கிழக்கே குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடுகள் எட்டும்.

ஓடுபாதை ஏதாவது உண்டா? கோவில்பட்டி அருகே தோணுகாலில் ஒன்று இருக்கிறது. நேர்கோட்டில் 30 கிலோமீட்டர். காற்று முதுகில் இருந்தாலும் அதை எட்ட 8,000 அடிக்கு மேல் வேண்டும். கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தளம் ஒன்றின் மிச்சம் உண்டு; அதுவும் வட்டத்துக்கு வெளியே. வாகைகுளம் விமான நிலையம் 70 கிலோமீட்டருக்கு அப்பால். நான்குவழிச் சாலையும் வட்டத்துக்குள் இல்லை. உள்ளூர்ச் சாலைகள் இருக்கின்றன. ஆனால் இருபுறமும் புளியமரமும் குறுக்கே மின்கம்பியும் உள்ள சாலையில் 11 மீட்டர் அகல இறக்கையோடு இறங்குவதைவிட வயல் எவ்வளவோ மேல்.

கிணறும் கம்பியும் கரிசலும்

விமானி இதற்குள் ரேடியோவில் மேடே என்ற ஆபத்துக்கால அழைப்பை மூன்று முறை சொல்லி, இருக்கும் இடத்தையும் உள்ளே எத்தனை பேர் என்பதையும் சொல்லியிருப்பார். பெட்ரோல் குமிழ், கார்புரேட்டர் சூடு, மின்பொறிச் சாவி என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்து எஞ்சினை எழுப்ப முயன்றிருப்பார். எழவில்லை. இவ்வளவுக்கும் ஒரு நிமிடத்துக்குமேல் கொடுக்க முடியாது. மீதி நேரம் நிலத்துக்கு.

முதலில் காற்றின் திசை உறுதியாக வேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்குக் கருவியே தேவையில்லை. சங்கரன்கோவிலிலிருந்து கயத்தாறு வரை வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. எல்லாம் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருக்கும். ஆனால் அவை இருக்கும் இடத்தில் உயர் அழுத்தக் கம்பிகளும் இருக்கும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கம்பி தெரியவே தெரியாது, கம்பம்தான் தெரியும். ஆகவே கம்பங்களைத் தேடி, அவற்றுக்கு நடுவே கம்பி இருப்பதாக நம்பிவிட வேண்டும்.

கிணறு இன்னொரு வில்லங்கம். இங்குள்ள பாசனக் கிணறுகள் பெரியவை. பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மேலிருந்து கறுப்புச் சதுரமாகத் தெரியும். விழாமல் தப்பித்தால் மட்டும் போதாது. கிணறு இருந்தால் பம்புசெட் இருக்கும். பம்புசெட் இருந்தால் அதற்கு ஒரு கம்பி எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். கிணறுள்ள வயலை விட்டுவிடுவதே புத்தி.

வறண்ட குளங்கள் அகலமாக, ஆசைகாட்டிக்கொண்டு கிடக்கும். பாதிக்குமேல் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். மீதியில் மண் எடுத்த பள்ளங்கள். மக்காச்சோளக் காடு நல்ல பச்சையாகத் தெரியும். ஆள் உயரப் பயிருக்குள் வரப்பும் கல்லும் ஒளிந்திருக்கும். இவற்றோடு ஒப்பிட்டால் உளுந்துக் காடு தங்கம்.

பருவமும் முக்கியம். கிழக்கே உள்ள மானாவாரிக் கரிசல் புரட்டாசி வாக்கில்தான் விதைப்பைப் பார்க்கும். ஆடியில் பெரும்பாலும் உழுதோ தரிசாகவோ காய்ந்து கிடக்கும். நம் விமானிக்கு இது யோகம். இதே சம்பவம் கார்த்திகையில் நடந்திருந்தால் அதே நிலம் மழையில் ஊறிக் களியாகியிருக்கும். முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்வதற்கு வாய்ப்பு அதிகம். உழுத நிலத்தில் சால் ஓடும் திசையிலேயே இறங்க வேண்டும். குறுக்கே இறங்கினால் ஒவ்வொரு சாலும் சக்கரத்தில் உதைக்கும். காற்று ஒரு திசை, சால் ஒரு திசை என்றால் விமானி இரண்டுக்கும் நடுவில் பேரம் பேச வேண்டியதுதான்.

அசையாத புள்ளி

வயல் முடிவாகிவிட்டது. ஊருக்குக் கிழக்கே, கிழமேலாக உழுத ஒரு நீண்ட புஞ்சை. அதன் கிழக்கு முனையிலிருந்து நுழைந்து, மேற்கே பார்த்து, எதிர்க்காற்றில் இறங்க வேண்டும். 4,000 அடியிலிருந்து நேராக அதை நோக்கிப் பாய்ந்துவிடக் கூடாது. பாய்ந்தால் எதிரில் வரும்போது உயரம் மிஞ்சும் அல்லது குறையும். அதற்குப் பதிலாக வயலுக்கு மேலே வந்து, அதைச் சன்னலில் வைத்துக்கொண்டே சுற்றிவந்து உயரத்தைக் கரைப்பார்கள். வயல் எப்போதும் கண்ணில் இருக்கும். திருப்பத்தைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ எடுத்துத் தூரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

கடைசி நேர்கோட்டில் ஓர் எளிய சூட்சுமம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்தது இதுதான். முன்கண்ணாடி வழியே தரையைப் பாருங்கள். நாம் நெருங்க நெருங்க, தரையில் உள்ள எல்லாப் பொருளும் கண்ணாடியில் நகரும். தாண்டிப் போய்விடப்போகும் பொருள்கள் கீழ்நோக்கி நகர்ந்து மூக்குக்கு அடியில் மறையும். எட்ட முடியாதவை மேல்நோக்கி ஏறும். நடுவே ஒரு புள்ளி மட்டும் நகராது. இருந்த இடத்திலேயே பெரிதாகிக்கொண்டே வரும். விமானம் போய்ச் சேரப்போவது அங்கேதான். வயலின் ஓரத்தில் நிற்கும் ஒற்றைப் பனை கண்ணாடியில் அசையாமல் வளர்கிறது என்றால், விமானி அந்தப் பனையில்தான் மோதப்போகிறார். பனை கீழே நழுவ ஆரம்பித்தால் அதைத் தாண்டிவிடுவார்.

குறைவாக இருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூக்கைத் தூக்கி நீட்டிப் பார்ப்பது தூக்கிழப்பில் கொண்டுபோய் விடும். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் உயரத்தோடு வருவார்கள். மிஞ்சிய உயரத்தைக் கரைக்க ஃபிளாப் இருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கி இறங்கும் பலகை அது; தூக்குவிசையையும் கூட்டும், இழுவிசையையும் கூட்டும். விமானம் இன்னும் கூடுதலான சரிவில், ஆனால் குறைந்த வேகத்தில் இறங்க உதவும். வயல் நிச்சயம் என்று தெரியும்வரை அதைத் தொட மாட்டார்கள். இறக்கிய ஃபிளாப்பை அந்த உயரத்தில் மறுபடி ஏற்றினால் விமானம் அமிழ்ந்துவிடும்.

ஃபிளாப் எவ்வளவு தின்னும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. 1993 நவம்பர் 15 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 சென்னையிலிருந்து ஹைதராபாத் போனது. அங்கே பார்வைத் தெளிவு போதாமல் இறங்க முடியவில்லை. மறுபடி மேலேறியபோது ஃபிளாப் முழுக்க உள்ளே போக மறுத்தது. அந்த நிலையிலேயே சென்னைக்குத் திரும்பினார்கள். நீட்டிக்கொண்டிருந்த பலகை காற்றை இழுத்துக்கொண்டே வர, எரிபொருள் மளமளவென்று கரைந்தது. திருப்பதியாவது எட்டுமா என்று பார்த்தார்கள், அதுவும் எட்டவில்லை. திருப்பதிக்கு அருகே நெல்வயலில் இறக்கினார்கள். 260க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் சாகவில்லை.

விமானத்தைக் கொடுத்து ஆளை வாங்குவது

தரையை நெருங்கிவிட்டோம். கதவை இப்போதே திறந்து, லேசாகச் சாத்தி வைக்கிறார்கள். மோதலில் உடல் வளைந்தால் கதவு இறுகிக்கொண்டு திறக்காமல் போகும். பெட்ரோல் குமிழ் அடைப்பு, மின்சாரம் நிறுத்தம்; தீக்கு வழி விடக் கூடாது. தோளுக்குக் குறுக்கே போகும் இருக்கைப் பட்டை இறுக்கமாக.

ஃபிளாப் முழுக்க இறக்கிய செஸ்னா காற்றில் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். தரையருகே காற்று சற்றுத் தணிந்து 30 என்று வைப்போம். எதிர்க்காற்றில் இறங்கினால் தரையைப் பொறுத்து வேகம் 60. அதே வயலில், அதே விமானம், தவறான முனையிலிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கினால் 120. இரண்டு மடங்கு வேகம். ஆனால் கரைக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. எந்த முனையில் நுழைவது என்ற அந்த ஒரு முடிவு இவ்வளவு பெரியது.

நிற்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேட்டில் உள்ள ஒரு கணக்கு ஆறுதலானது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் விமானம் மூன்று மீட்டருக்குள் சீராக நின்றால், உள்ளே இருப்பவர் மீது விழும் சுமை புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு; பட்டை கட்டிய உடம்பு தாங்கக்கூடிய அளவு. மூன்று மீட்டர், ஒரு சிறிய அறையின் நீளம். 160 கிலோமீட்டர் வேகத்தில் அதே சுமைக்குப் பதினொன்றரை மீட்டர் வேண்டும். ஆக, வயல் நீளமாக இருப்பதைவிட, வேகம் குறைவாக இருப்பதும் நிற்பது சீராக இருப்பதும் முக்கியம். இறக்கை செடியில் சிக்கிக் கிழியட்டும், சக்கரம் முறியட்டும். அவை நொறுங்கும்போது ஆற்றலைத் தின்றுவிடும், ஆள் உட்கார்ந்திருக்கும் கூடு முழுசாக இருக்கும். கடைசியில் வரப்பு வருகிறது, நிறுத்த முடியவில்லை என்றால், மூக்கை நேராக மோதவிடாமல் இரண்டு தடைகளுக்கு நடுவே விமானத்தைச் செலுத்தி இறக்கைகளை அடிவாங்க விடச் சொல்வார்கள். விமானத்தைச் சேதமில்லாமல் காப்பாற்ற நினைக்கும் விமானிதான் கடைசி நொடியில் மூக்கைத் தூக்குகிறார், அல்லது எட்டாத சாலைக்கு ஆசைப்படுகிறார்.

பிறகு விசாரணைக்கு வருவார்கள். முதலில் பார்ப்பது விசிறி இதழ்களை. எஞ்சின் விசை கொடுத்துக்கொண்டிருக்கும்போது தரையில் பட்டிருந்தால் இரண்டு இதழ்களும் முறுக்கிக்கொண்டு சுருண்டிருக்கும். நின்றுபோன பிறகு பட்டிருந்தால் ஓர் இதழ் மட்டும் பின்னால் மடங்கி, மற்றது புதுசு போலவே இருக்கும். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், அதில் தண்ணீர் உண்டா, குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பொறிச்செருகிகள் கரிபிடித்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவார்கள். நம் கற்பனை விமானத்தில் எதிலும் குறை இருக்காது. எஞ்சினைத் திருப்பிக் கிளப்பினால் ஜம்மென்று ஓடும். கார்புரேட்டரை அடைத்த ஐஸ் அவர்கள் வந்து சேர்வதற்கு வெகு முன்னாலேயே உருகியிருக்கும். அப்போது அவர்கள் வானிலைப் பதிவை எடுத்து, அந்த மணிநேரத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும், எந்த வெப்பத்தில் எவ்வளவு ஈரத்தில் ஐஸ் பிடிக்கும் என்று பட்டை பட்டையாகக் காட்டும் கார்புரேட்டர் ஐஸ் வரைபடத்தில் குறித்துப் பார்ப்பார்கள். புள்ளி எந்தப் பட்டையில் விழுகிறது என்பதை வைத்துத்தான் அறிக்கையில் காரணத்தை எழுதுவார்கள்.